எந்தச் சர்க்கரை நோய் என்று மரபணுவிடம் கேட்டவர்: ஆண்ட்ரூ ஹாட்டர்ஸ்லியின் ஆராய்ச்சி

பிறந்ததிலிருந்து இன்சுலின் ஊசி போட்டுக்கொண்டிருந்த ஒரு குழந்தை மரபணுச் சோதனைக்குப் பிறகு மாத்திரைக்கு மாறியது என்று அவ்வப்போது ஒரு செய்தி வரும். வந்தவுடன் இரண்டு கேள்விகள் கிளம்பும். எல்லாரும் இந்தச் சோதனையைச் செய்துகொண்டால் ஊசியை விட்டுவிடலாமா என்பது ஒன்று. அம்மா, அப்பா இரண்டு பேருக்கும் சர்க்கரை இருக்கிறது, எனக்கு வருமா வராதா என்று சோதனை சொல்லிவிடுமா என்பது இன்னொன்று. இரண்டுக்குமே "இல்லை" என்பதுதான் பதில். ஆனாலும் அந்தச் செய்தி பொய்யில்லை. இது எப்படி என்று புரிய, ஆண்ட்ரூ ஹாட்டர்ஸ்லி என்ற பிரிட்டிஷ் மருத்துவர் கடந்த முப்பது வருடங்களுக்கு மேலாக என்ன செய்தார் என்று பார்ப்பதுதான் சுலபமான வழி. நீரிழிவு மரபணு ஆராய்ச்சி எங்கே பலன் தந்தது, எங்கே கைவிரித்தது என்ற இரண்டும் அவருடைய வேலையிலேயே தெரிகிறது.

முதலில் அடிப்படை

ரத்தத்தில் சர்க்கரை ஏறும்போது அதைக் கீழே கொண்டுவரும் ஹார்மோன் இன்சுலின். அதைச் சுரப்பது கணையத்திலுள்ள பீட்டா செல்கள். டைப் 1 நீரிழிவில் உடலின் நோய் எதிர்ப்பு அமைப்பே இந்தச் செல்களைத் தாக்கி அழித்துவிடுகிறது, அதனால் இன்சுலினை வெளியிலிருந்து கொடுத்தே ஆக வேண்டும். டைப் 2 வகையில் இன்சுலின் இருக்கும், ஆனால் உடல் அதற்குச் சரியாகக் கட்டுப்படாது, பீட்டா செல்களும் ஈடுகொடுக்க முடியாமல் தளர்ந்துபோகும். நீரிழிவு உள்ளவர்களில் மிகப் பெரும்பாலோர் டைப் 2, அடுத்தது டைப் 1.

இந்த இரண்டிலும் சேராத சிறு கூட்டம் ஒன்று உண்டு. ஒரே ஒரு மரபணுவில் ஏற்பட்ட பழுதால் நீரிழிவு வந்தவர்கள் இவர்கள். மரபணு என்பது ஒரு புரதத்தை எப்படிச் செய்வது என்று செல்லுக்குச் சொல்லும் குறிப்பு. ஒவ்வொரு மரபணுவிலும் நமக்கு இரண்டு பிரதிகள், அம்மாவிடமிருந்து ஒன்று, அப்பாவிடமிருந்து ஒன்று. சில மரபணுக்களில் ஒரு பிரதி கெட்டாலே நோய் வந்துவிடும். அப்படி நோய் உள்ள பெற்றோரிடமிருந்து ஒவ்வொரு பிள்ளைக்கும் அது போய்ச்சேர ஐம்பது சதவீத வாய்ப்பு.

1970களிலேயே பிரிட்டனின் ராபர்ட் டாட்டர்ஸால் இந்த மாதிரிக் குடும்பங்களைக் கவனித்து எழுதினார். இளம் வயதிலேயே சர்க்கரை வரும், தலைமுறை தலைமுறையாக வரும், ஆனால் டைப் 1 போல ஆளைத் தள்ளாது, லேசாகவே இருக்கும். 1975இல் அவரும் அமெரிக்காவின் மிச்சிகனில் இருந்த ஸ்டீஃபன் ஃபஜான்ஸும் சேர்ந்து இதை விவரித்தபோது புழக்கத்துக்கு வந்த சுருக்கப் பெயர்தான் "மோடி" வகை நீரிழிவு (MODY: இளையோருக்கு வரும், பெரியவர்களின் பாணி நீரிழிவு என்பதன் ஆங்கிலச் சுருக்கம், அரசியலுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை). பெயர் வந்துவிட்டது, காரணம் மட்டும் தெரியவில்லை. எந்த மரபணு என்று கண்டுபிடிக்கும் கருவிகள் அப்போது இல்லை.

1992: சர்க்கரையை அளக்கும் மரபணு

ஹாட்டர்ஸ்லி ஆக்ஸ்ஃபோர்டில் ராபர்ட் டர்னரின் குழுவில் வேலை செய்துகொண்டிருந்த காலத்தில், ஒரே குடும்பத்தில் பலருக்கும் இருந்த லேசான நீரிழிவை ஆராய்ந்தார். அது குளுக்கோகைனேஸ் என்ற நொதியின் மரபணுவோடு சேர்ந்தே குடும்பத்தில் இறங்குகிறது என்பதை 1992இல் அவர் குழு வெளியிட்டது. அதே வருடம் ஃபிலிப் ஃப்ரோகெலின் பிரெஞ்சுக் குழுவும் தங்கள் ஊர்க் குடும்பங்களை வைத்து இதே முடிவுக்கு வந்திருந்தது. நீரிழிவுக்கு "இதுதான் மரபணு" என்று உறுதியாக விரல் நீட்ட முடிந்த முதல் சில சந்தர்ப்பங்களில் இது ஒன்று.

குளுக்கோகைனேஸ் என்ன செய்கிறது? பீட்டா செல்லுக்குள் குளுக்கோஸ் நுழைந்ததும் அதை முதலில் கையாள்வது இந்த நொதிதான். இது எவ்வளவு வேகமாக வேலை செய்கிறதோ அதை வைத்துத்தான் "ரத்தத்தில் இப்போது இவ்வளவு சர்க்கரை இருக்கிறது" என்று செல் தெரிந்துகொள்கிறது. ஒரு பிரதி கெட்டால் இந்தக் கணக்கு கொஞ்சம் தவறும். சர்க்கரை 90ஐத் தாண்டும்போது விழித்துக்கொள்ள வேண்டிய செல் 110, 120 ஆன பிறகே விழித்துக்கொள்ளும். அப்புறம் சரியாகத்தான் வேலை செய்யும். அதனால் இவர்களுக்கு வெறும் வயிற்றுச் சர்க்கரை பிறந்ததிலிருந்தே சுமார் 100 முதல் 145 மி.கி. வரை இருக்கும், வாழ்நாள் முழுக்க ஏறக்குறைய அங்கேயே நிற்கும்.

இதிலிருந்து வரும் விளைவுதான் முக்கியம். மருந்து கொடுத்தாலும் இவர்களுடைய அளவு பெரிதாக மாறுவதில்லை, ஏனென்றால் மருந்து சர்க்கரையைக் கொஞ்சம் குறைத்தால் உடல் தன் சொந்தச் சுரப்பைக் குறைத்துப் பழைய இடத்துக்கே வந்துவிடும். சரி, சிகிச்சை இல்லாமல் விட்டால் கண்ணும் சிறுநீரகமும் கெடாதா? ஹாட்டர்ஸ்லி பிற்பாடு இங்கிலாந்தின் எக்ஸிட்டர் ஊரில் அமைத்த குழு 2014இல் வெளியிட்ட ஆய்வில் இந்த மரபணுப் பழுது உள்ள 99 பேரைப் பார்த்தார்கள். பாதிப் பேர் கிட்டத்தட்ட 49 வருடங்களுக்கு மேல் இந்த லேசான உயர்வோடு வாழ்ந்தவர்கள். பெரிய பாதிப்புகள், நீரிழிவே இல்லாத உறவினர்களிடம் இருந்த அளவிலேயே இருந்தன. விழித்திரையில் ஆரம்பநிலை மாற்றம் கொஞ்சம் அதிகம், ஆனால் லேசர் சிகிச்சை தேவைப்பட்டவர் ஒருவர்கூட இல்லை. ஆக, "உங்களுக்கு இந்த வகைதான்" என்று தெரிந்தால், கர்ப்பகாலம் தவிர மற்ற நேரத்தில், மாத்திரையும் வேண்டாம், ஊசியும் வேண்டாம். மரபணுச் சோதனையால் சிகிச்சையே தேவையில்லை என்று ஆகிற இடம் இது. செய்தியில் அதிகம் வராது, ஏனென்றால் ஒன்றுமே செய்யாமல் விடுவதில் பரபரப்பு கிடையாது.

கர்ப்பகாலத்தை ஏன் விலக்கினேன் என்பதற்கு 1998இல் அவர் வெளியிட்ட ஒரு சின்ன, ஆனால் அழகான ஆய்வு பதில் சொல்கிறது. குளுக்கோகைனேஸ் பழுது உள்ள குடும்பங்களில் பிறந்த குழந்தைகளின் எடையை ஒப்பிட்டார்கள்.

1. அம்மாவுக்குப் பழுது இருந்து குழந்தைக்கு இல்லையென்றால், அம்மாவின் கூடுதல் சர்க்கரை தொப்புள்கொடி வழியே வரும், குழந்தை அதற்கு ஈடாக நிறைய இன்சுலின் சுரக்கும், அதனால் சுமார் 600 கிராம் கூடுதலாகப் பிறந்தது.

2. அப்பாவிடமிருந்து பழுது வந்து அம்மாவின் சர்க்கரை சரியாக இருந்தால், குழந்தைக்கு இன்சுலின் குறைவாகவே சுரக்கும், சுமார் அரை கிலோ எடை குறைந்து பிறந்தது.

3. அம்மா, குழந்தை இருவருக்குமே பழுது இருந்தால் ஒன்றை ஒன்று சரிக்கட்டி, எடை சாதாரணமாக இருந்தது.

கருவின் வளர்ச்சியை இன்சுலின் எந்த அளவுக்குத் தீர்மானிக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான இயற்கைச் சோதனை கிடைப்பது அரிது. இரண்டாவது வரியில் இன்னொரு சேதியும் இருக்கிறது. எடை குறைந்து பிறந்தவர்களுக்குப் பிற்காலத்தில் நீரிழிவு அதிகம் வருகிறது என்பது தெரிந்த விஷயம். கருப்பையில் போதாத ஊட்டமே காரணம் என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். இரண்டையும் உண்டாக்குவது ஒரே மரபணுவாகவும் இருக்கலாமே என்று 1999இல் ஹாட்டர்ஸ்லியும் ஜான் டூக்கும் வாதிட்டார்கள்.

அதே பெயர், வேறு நோய்

"மோடி" வகை என்று ஒரே பெயரில் அடைத்திருந்தார்களே தவிர, அதற்குள் பல நோய்கள் இருந்தன. 1996இல் சிகாகோவில் கிரேம் பெல்லின் குழு எச்என்எஃப்1ஏ என்ற மரபணுவைக் கண்டுபிடித்தது. இதில் பழுது உள்ளவர்கள் பிறக்கும்போது சாதாரணமாக இருப்பார்கள், பெரும்பாலும் பதின்பருவத்திலோ இருபதுகளிலோ சர்க்கரை ஏறத் தொடங்கும், வருடம் போகப்போகக் கூடிக்கொண்டே போகும், கவனிக்காவிட்டால் கண், சிறுநீரகம் எல்லாம் பாதிக்கப்படும். குளுக்கோகைனேஸ் வகைக்கு நேர் எதிர்.

இளம் வயது, ஒல்லியான உடல், சர்க்கரை அதிகம் என்றால் மருத்துவர் என்ன நினைப்பார்? டைப் 1 என்றுதான். உடனே இன்சுலின் ஆரம்பிப்பார், அதைக் குறை சொல்லவும் முடியாது, ஏனென்றால் உண்மையான டைப் 1இல் தாமதித்தால் உயிருக்கே ஆபத்து. ஆனால் இப்படி ஊசிக்குப் போனவர்களில் சிலருக்கு உண்மையில் எச்என்எஃப்1ஏ பழுது.

இந்த இடத்தில்தான் ஹாட்டர்ஸ்லி மற்ற மரபணு ஆராய்ச்சியாளர்களிடமிருந்து விலகிப் போகிறார் என்று எனக்குத் தோன்றுகிறது. மரபணு கிடைத்ததும் பலரும் அடுத்த மரபணுவைத் தேடிப் போனார்கள். இவர் வார்டில் நோயாளி பார்க்கும் மருத்துவர் என்பதால், "அப்படியானால் மருந்தை மாற்ற வேண்டுமா?" என்று கேட்டார். ஈவன் பியர்சன் முதல் ஆசிரியராக 2003இல் வெளிவந்த ஆய்வு இந்தக் கேள்விக்கானது. எச்என்எஃப்1ஏ பழுது உள்ளவர்களையும், அவர்களுக்கு இணையான டைப் 2 நோயாளிகளையும் எடுத்துக்கொண்டு, கிளிக்ளசைடு, மெட்ஃபார்மின் என்ற இரண்டு சர்க்கரை மாத்திரைகளையும் மாற்றி மாற்றிக் கொடுத்துப் பார்த்தார்கள். டைப் 2 காரர்களுக்கு இரண்டும் ஏறக்குறைய ஒரே பலன். எச்என்எஃப்1ஏ காரர்களுக்கோ கிளிக்ளசைடு, மெட்ஃபார்மினைப் போல 5.2 மடங்கு அதிகமாகச் சர்க்கரையைக் குறைத்தது.

கிளிக்ளசைடு புது மருந்தில்லை. சல்ஃபோனைல்யூரியா என்ற குடும்பத்தைச் சேர்ந்தது. அந்தக் குடும்பம் சர்க்கரையைக் குறைக்கும் என்பது 1940களிலேயே பிரான்சில் தெரியவந்துவிட்டது, விலையும் மலிவு. மரபணு ஆராய்ச்சி என்றால் ஏதோ கோடி ரூபாய் ஊசி வரப்போகிறது என்று எதிர்பார்த்தவர்களுக்கு, பழைய மாத்திரையை யாருக்குக் கொடுப்பது என்ற தகவல்தான் கிடைத்தது. என் பார்வையில் இந்தத் துறையின் ஆகப் பெரிய சாதனை இதுவே. இங்கே ஒரு எச்சரிக்கை: இந்த மாத்திரை பல வருடங்கள் வேலை செய்யும், ஆனால் பீட்டா செல்கள் மெல்லத் தளர்வதால் பலருக்குப் பின்னாளில் வேறு மருந்தோ இன்சுலினோ சேர்க்க வேண்டி வரும்.

குழந்தையும் மாத்திரையும்

இப்போது முதலில் சொன்ன செய்திக்கு வருவோம். பிறந்து ஆறு மாதத்துக்குள் வரும் நீரிழிவு மிக அரிது, சுமார் ஒரு லட்சம் பிறப்பில் ஒன்று. இதையும் டைப் 1 என்றே எண்ணி இன்சுலின் கொடுத்துவந்தார்கள். காரணத்தைப் பிடிக்க, பீட்டா செல் இன்சுலினை எப்படி வெளியே விடுகிறது என்று பார்க்க வேண்டும்.

1. குளுக்கோஸ் செல்லுக்குள் வந்து எரிகிறது, ஏடிபி என்ற ஆற்றல் மூலக்கூறு உண்டாகிறது.

2. செல்லின் மேல்சவ்வில் பொட்டாசியம் வெளியேறும் கதவுகள் உள்ளன. ஏடிபி கூடினால் அவை மூடிக்கொள்ளும். குளுக்கோஸ் வந்தால் இந்தக் கதவு மூடுகிறது என்பதை ஆக்ஸ்ஃபோர்டில் ஃபிரான்சிஸ் ஆஷ்கிராஃப்ட் 1984இல் காட்டினார்.

3. கதவு மூடியதும் சவ்வின் மின்னழுத்தம் மாறி, கால்சியம் உள்ளே பாய்கிறது.

4. கால்சியம் வந்ததும் தயாராகக் காத்திருந்த இன்சுலின் பொதிகள் வெளியே கொட்டுகின்றன.

கதவின் உள்பகுதியைச் செய்வதற்கான குறிப்பு கேசிஎன்ஜே11 என்ற மரபணுவில் இருக்கிறது. அதில் பழுது ஏற்பட்டு, ஏடிபி எவ்வளவு வந்தாலும் கதவு மூடாமல் போனால்? செல்லில் இன்சுலின் நிறைய இருக்கும், ஆனால் வெளியே வராது. 2004இல் அன்னா குளோயின் முதல் ஆசிரியராக எக்ஸிட்டர் குழு வெளியிட்டது இதைத்தான். பச்சிளம் பருவத்திலேயே வந்து நிரந்தரமாகிவிட்ட நீரிழிவு உள்ள 29 பேரைச் சோதித்ததில் 10 பேருக்கு இந்த மரபணுவில் பழுது. அந்தப் பத்துப் பேரில் எட்டுப் பேருக்கு அது பெற்றோரிடமிருந்து வரவில்லை, புதிதாகவே உண்டாகியிருந்தது. "எங்கள் குடும்பத்தில் யாருக்கும் சர்க்கரை இல்லையே, பிறகு எப்படி மரபணு நோய்?" என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில்.

சல்ஃபோனைல்யூரியா மாத்திரை என்ன செய்கிறது? அதே கதவை, ஏடிபியைக் கேட்காமலே, இன்னொரு பக்கத்திலிருந்து பிடித்து மூடுகிறது. பழுது என்ன என்று தெரிந்தவுடன் சிகிச்சையும் கூடவே தெரிந்துவிட்டது. 2006இல் வெளிவந்த ஆய்வில், இந்தப் பழுது உள்ள 49 பேரை இன்சுலினிலிருந்து மாத்திரைக்கு மாற்றிப் பார்த்தார்கள். 44 பேர் ஊசியை முழுதாக நிறுத்தினார்கள். மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி 8.1 சதவீதத்திலிருந்து 12 வாரத்தில் 6.4க்கு இறங்கியது. சாதாரண டைப் 2 நோயாளிக்குக் கொடுப்பதைவிட உடல் எடைக்கு அதிக அளவில் மாத்திரை தேவைப்பட்டது, அதனால் இதை மருத்துவமனைக் கண்காணிப்பில்தான் செய்ய வேண்டும். 2018இல் பத்து வருடத் தொடர்கண்காணிப்பும் வந்தது. 81 பேரில் 75 பேர் அப்போதும் மாத்திரையிலேயே இருந்தார்கள், சர்க்கரைக் கட்டுப்பாடும் கெடவில்லை.

கொஞ்சம் யோசித்தால் ஒரு சந்தேகம் வரும். மாத்திரை கதவை எப்போதும் மூடியே வைத்திருந்தால், இன்சுலின் நிற்காமல் கொட்டி, சர்க்கரை ஆபத்தாக இறங்கிவிடாதா? 2006 ஆய்விலேயே அதற்கும் விடை இருந்தது. சாப்பிடும்போது குடலிலிருந்து வரும் ஹார்மோன்கள் பீட்டா செல்லை வேறு வழியாகவும் தூண்டுகின்றன. கதவு மூடியிருந்தால்தான் அந்தத் தூண்டல் பலிக்கும். அதாவது மாத்திரை, இன்சுலினை நேரடியாகக் கொட்டவைப்பதைவிட, "சாப்பாடு வந்திருக்கிறது" என்ற செய்தியைச் செல் கேட்கும்படி செய்கிறது. வாய்வழியாகச் சர்க்கரை கொடுத்தபோது இவர்களுக்கு இன்சுலின் நன்றாகச் சுரந்தது, நரம்பு வழியாக ஏற்றியபோது அவ்வளவு இல்லை. வெளியிலிருந்து ஊசி போட்டு ஆள் கணக்குப் பார்த்துச் செய்யும் வேலையை, உடலே வேளைக்கு வேளை பார்த்துச் செய்துகொள்கிறது.

எல்லாம் இனிப்பாக முடிவதில்லை. இதே கதவு மூளையிலும் தசையிலும் இருக்கிறது. பழுது தீவிரமாக இருந்தால் வளர்ச்சிக் குறைபாடு, வலிப்பு எல்லாம் சேர்ந்தே வரும். மாத்திரை அதில் ஓரளவு உதவுகிறது, முழுதாகச் சரிசெய்வதில்லை.

எக்ஸிட்டரில் நடந்த வேலை

ஹாட்டர்ஸ்லி 1995இல் வந்துசேர்ந்த எக்ஸிட்டர், இங்கிலாந்தின் தென்மேற்கில் டெவன் மாவட்டத்து ஊர். இளநிலை மருத்துவ மாணவர்களே அப்போது அங்கே இல்லை. அங்கே மூலக்கூறு மரபியல் நிபுணர் சியான் எல்லர்டோடு சேர்ந்து அவர் கட்டியது ஆய்வுக்கூடம் மட்டுமில்லை, ஒரு சோதனைச் சேவையும்கூட. ஆறு மாதத்துக்குள் நீரிழிவு வந்த குழந்தைகளின் ரத்த மாதிரியை உலகின் எந்த மூலையிலிருந்து அனுப்பினாலும் ஆராய்ச்சி நிதியில் இலவசமாகச் சோதித்துக் கொடுத்தார்கள். அனுப்பும் மருத்துவருக்குச் செலவில்லாமல் பதில், ஆராய்ச்சிக்கு அரிய நோயின் பெரிய தொகுப்பு. 2015இல் வெளியான கணக்கில் 79 நாடுகளைச் சேர்ந்த 1,020 குழந்தைகள், அவர்களில் 82 சதவீதத்தினருக்குக் காரணமான மரபணு தெரியவந்திருந்தது. உறவுமுறைத் திருமணம் இல்லாத குடும்பங்களில் பொட்டாசியம் கதவுப் பழுதுதான் முதலிடம். உறவுக்குள் திருமணம் நடந்த குடும்பங்களில் அப்பா, அம்மா இருவரிடமிருந்தும் பழுதான பிரதி வந்து உண்டாகும் வேறு நோய்கள் முன்னுக்கு வந்தன. அந்தக் குழந்தைகளுக்கு மாத்திரை உதவாது என்றாலும், அடுத்து எந்த உறுப்பு பாதிக்கப்படலாம் என்று முன்கூட்டியே தெரிவது பெரிய விஷயம்.

பிரிட்டனின் அறிவியல் கழகமான ராயல் சொசைட்டியின் உறுப்பினர் பதவி அவருக்கு 2010இல் கிடைத்தது. பட்டங்களை இதோடு விட்டுவிடலாம்.

அப்படியானால் டைப் 2க்கு ஏன் பலிக்கவில்லை?

முயற்சி செய்யாமல் இல்லை. 2007ஐ ஒட்டி, ஆயிரக்கணக்கானவர்களின் முழு மரபணுத் தொகுதியையும் அலசி, நோய் உள்ளவர்களிடம் எது அதிகம் என்று தேடும் ஆய்வுகள் வந்தன. ஹாட்டர்ஸ்லியும் டிம் ஃப்ரேலிங்கும் ஆக்ஸ்ஃபோர்டின் மார்க் மெக்கார்த்தியும் அதில் முன்னணியில் இருந்தார்கள். டைப் 2 மரபணுவைத் தேடப்போன அவர்களுக்குக் கிடைத்தது எஃப்டிஓ என்ற மரபணு. கணக்கை உடல் பருமனுக்கு ஏற்பத் திருத்திப் பார்த்தபோது நீரிழிவோடு இருந்த தொடர்பு காணாமல் போனது. அதாவது இது எடையைக் கூட்டுகிறது, எடை நீரிழிவைக் கொண்டுவருகிறது. இரண்டு பிரதியிலும் அந்த மாறுபாடு உள்ளவர்கள், ஒரு பிரதியிலும் அது இல்லாதவர்களைவிடச் சராசரியாக 3 கிலோ அதிகம். மக்களில் பலரிடமும் காணப்படும் மாறுபாடு ஒன்று உடல் பருமனோடு உறுதியாகத் தொடர்புபட்டது அப்போதுதான்.

அந்த 3 கிலோவைக் கவனியுங்கள். ஆராய்ச்சிக்குப் பெரிய செய்தி, தனி ஆளுக்கு ஒன்றுமே இல்லை. டைப் 2 முழுக்க இப்படித்தான். இன்றைக்கு 600க்கும் மேற்பட்ட இடங்கள் மரபணுத் தொகுதியில் அடையாளம் காணப்பட்டுள்ளன. ஒவ்வொன்றும் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளுகிறது, பெரும்பாலானவை கேட்கவே முடியாத அளவு மெல்லியவை. டிசிஎஃப்7எல்2 என்ற பலமான ஒன்றுகூட ஒரு பிரதிக்கு ஆபத்தைச் சுமார் 1.4 மடங்கு ஆக்குகிறது, அவ்வளவே. கேசிஎன்ஜே11 மரபணுவிலேயே பலருக்கும் உள்ள ஒரு சின்ன மாறுபாடு டைப் 2 ஆபத்தைக் கொஞ்சம் கூட்டுகிறது. அதே மரபணுவில் வரும் பெரிய பழுது பிறந்த குழந்தைக்கே நோயைக் கொண்டுவருகிறது. ஒரு மரபணு பெரிதாக உடைந்தால் அதற்கேற்ற மருந்தைச் சொல்லலாம். நூற்றுக்கணக்கான இடங்களில் லேசாகக் கீறல் விழுந்தால் எதைச் சரிசெய்வது? அந்த நபரின் எடை, வயது, பெற்றோருக்கு இருக்கிறதா என்ற மூன்றையும் கேட்டாலே கிட்டத்தட்ட அதே அளவுக்கு ஊகித்துவிடலாம், அதற்கு எச்சில் மாதிரி எடுத்து அனுப்ப வேண்டியதில்லை.

டைப் 1ஐப் பிரித்தறிய

ஆனால் அதே சின்னச் சின்ன மாறுபாடுகளைக் கூட்டிப் போடும் மதிப்பெண்ணை எக்ஸிட்டர் குழு வேறு காரியத்துக்குப் பயன்படுத்தியது. டைப் 1க்கும் டைப் 2க்கும் பின்னாலுள்ள மரபணுக்கள் வேறுவேறு. எனவே நோய் வரும் முன் ஆரூடம் சொல்ல அந்த மதிப்பெண் போதாவிட்டாலும், நோய் வந்த பிறகு எந்த வகை என்று பிரிக்க உதவும். 2018இல், பிரிட்டனில் மக்களின் மரபணு, உடல்நலத் தகவல்களைத் திரட்டி வைத்திருக்கும் யுகே பயோபேங்கின் தரவை இப்படி அலசியபோது, 60 வயதுக்குள் வரும் டைப் 1இல் 42 சதவீதம் 30 வயதுக்குப் பிறகே வருகிறது என்று தெரிந்தது. "டைப் 1 சின்னப் பிள்ளைகளுக்குத்தான்" என்ற நினைப்பு அடிபட்டுப்போனது. பிரிட்டனின் முன்னாள் பிரதமர் தெரசா மேக்கு ஐம்பது வயதைத் தாண்டிய பிறகு முதலில் டைப் 2 என்று சொல்லப்பட்டு, மாத்திரை வேலை செய்யாமல் போகவே பிறகுதான் டைப் 1 என்று தெரிந்தது. முப்பதுக்கு மேல் வரும் நீரிழிவில் டைப் 1 சுமார் 4 சதவீதம்தான் என்பதால், அந்தக் கூட்டத்தில் அது எளிதாக மறைந்துவிடுகிறது.

யாருக்குச் சோதனை?

ஒற்றை மரபணு நீரிழிவு உள்ளவர்களில் 80 சதவீதத்துக்கு மேல் பிரிட்டனிலேயே அது கண்டுபிடிக்கப்படாமல் இருக்கிறார்கள் என்று 2010இல் எக்ஸிட்டர் குழு கணக்கிட்டது. அதற்காக எல்லாரையும் சோதிப்பது வீண். சோதனைக்கு முன்னால் இரண்டு மலிவான சோதனைகள் உண்டு. டைப் 1இல் காணப்படும் எதிர்ப்புப் புரதங்கள் ரத்தத்தில் இருக்கின்றனவா என்று பார்ப்பது ஒன்று. உடல் சொந்தமாக இன்சுலின் சுரக்கிறதா என்று காட்டும் சி-பெப்டைடு இன்னொன்று. எதிர்ப்புப் புரதம் இல்லை, நோய் வந்து பல வருடமாகியும் சி-பெப்டைடு நன்றாக இருக்கிறது என்றால்தான் மரபணுவைப் பற்றி யோசிக்க வேண்டும். மருத்துவரிடம் கேட்க வேண்டிய சூழல்கள் இவை:

1. இளம் வயதில் நீரிழிவு வந்து, பெற்றோரில் ஒருவருக்கும் இருந்து, உடல் பருமன் இல்லாமல், மேலே சொன்ன இரண்டு சோதனைகளும் டைப் 1க்குப் பொருந்தாமல் இருப்பது.

2. வெறும் வயிற்றுச் சர்க்கரை வருடக்கணக்கில் 100க்கும் 145க்கும் இடையில் ஏறாமல் இறங்காமல் நிற்பது, குறிப்பாகக் கர்ப்பகாலத்தில் முதன்முறை தெரியவந்த ஒல்லியான பெண்களுக்கு.

3. நீரிழிவோடு சிறுநீரகத்தில் நீர்க்கட்டிகளோ, காது கேளாமையோ குடும்பத்தில் சேர்ந்தே வருவது.

4. ஆறு மாதத்துக்குள் வந்த நீரிழிவு. இங்கே வேறு எந்த நிபந்தனையும் கிடையாது.

எக்ஸிட்டர் குழு சாத்தியத்தைக் கணிக்க ஒரு கணக்கீட்டுக் கருவியும் இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. அது ஐரோப்பிய வம்சாவளியினரின் தரவில் உருவானது என்பதை மறக்கக் கூடாது. தெற்காசியர்களுக்கு டைப் 2வே இளம் வயதில், குறைந்த எடையில் வந்துவிடுவதால், அது காட்டும் சதவீதத்தை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. சோதனை முடிவிலும் "இந்த மாற்றம் நோய்க்குக் காரணமா என்று தெளிவில்லை" என்று வரலாம். அதை வைத்து மருந்தை மாற்றக் கூடாது. முடிவு கையில் வரும்வரை யாரும் தாங்களாக இன்சுலினை நிறுத்தவும் கூடாது. உண்மையான டைப் 1 ஆக இருந்தால் சில நாட்களிலேயே உயிருக்கு ஆபத்து.

நான்காவது சூழலைப் பற்றி ஒரு விஷயம் சேர்க்க வேண்டும். அது குழந்தைகளுக்கு மட்டுமான விதி என்று பலர் நினைத்துவிடுகிறார்கள். 2004க்கு முன் பிறந்து, ஆறு மாதத்துக்குள் சர்க்கரை வந்து, டைப் 1 என்று எழுதப்பட்டு, இன்றைக்கு இருபதுகளிலோ முப்பதுகளிலோ நாற்பதுகளிலோ ஊசியோடு இருப்பவர்களும் சோதனைக்கு உரியவர்கள்தான். 2006 ஆய்வில் மாத்திரைக்கு மாறிப் பார்த்தவர்களிலேயே மூத்தவருக்கு 36 வயது. பழைய மருத்துவக் கோப்பில் நோய் கண்ட தேதியைத் தேடிப் பார்த்து, பிறந்த தேதியோடு ஒப்பிட்டாலே போதும், இந்தக் கேள்வியை எழுப்பலாமா வேண்டாமா என்பது தெரிந்துவிடும்.